ஊரில் தங்கும் காசு: சில சுற்றுலாக் குறிப்புகள்

ஜனவரி பிறந்ததும் கொழும்பு முதல் ஹனோய் வரை ஒவ்வொரு நாட்டின் சுற்றுலாத் துறையும் ஓர் எண்ணை வெளியிடும். போன வருடம் இத்தனை பேர் வந்தார்கள் என்று. தாய்லாந்துக்கு 2019இல் ஏறத்தாழ 4 கோடி பேர். அதே வருடம் வியட்நாமுக்கு 1 கோடியே 80 லட்சம், கம்போடியாவுக்கு 66 லட்சம். பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போடும். அடுத்த வருடத்துக்கான இலக்கும் கூடவே அறிவிக்கப்படும். அது முந்தையதைவிடப் பெரிதாகத்தான் இருக்கும்.

இந்த ஒற்றை எண்ணை வைத்து ஓர் ஊர் பிழைக்கிறதா இல்லையா என்று சொல்லவே முடியாது. வந்தவர் எத்தனை இரவு தங்கினார், யார் வீட்டில் தங்கினார், அவர் தட்டில் விழுந்த மீனை யார் பிடித்தது, அவர் குளித்த தண்ணீர் எந்த நிலத்தடியிலிருந்து வந்தது, 'இதற்கு மேல் ஆள் வேண்டாம்' என்று சொல்ல ஊர்க்காரருக்கு வாய் உண்டா? கேட்க வேண்டிய கேள்விகள் இவை. தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் சுற்றுலாவை வளர்க்கிறோம் என்கிறவர்கள் இவற்றுக்குப் பதில் சொல்லாமல் விமான நிலையம் கட்டிக்கொண்டே போகிறார்கள்.

இலங்கைக் கணக்கைப் பாருங்கள். 2018இல் 23.3 லட்சம் பேர் வந்தார்கள், வருமானம் சுமார் 438 கோடி டாலர். பிறகு ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்பு, கொரோனா, 2022இன் பெட்ரோல் வரிசை. 2024இல் மறுபடி 20.5 லட்சம் பேர் வந்தபோது எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் வருமானம் சுமார் 317 கோடி டாலர்தான். தலைக்கணக்கில் 12 சதவீதம் குறைவு, காசுக் கணக்கில் 28 சதவீதம் குறைவு. இரண்டும் ஒன்றாக நடப்பதில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

*

சியெம் ரீப், கம்போடியா.

அங்கோர் பூங்காவுக்கு ஒரு நாள் டிக்கெட் 37 டாலர். 2017 பிப்ரவரிவரை 20 டாலராக இருந்தது. கவுன்ட்டரில் நம் முகத்தைப் படம்பிடித்து டிக்கெட்டிலேயே அச்சடித்துத் தருகிறார்கள், இன்னொருவருக்குக் கைமாற்ற முடியாது. இதில் 2 டாலர் காந்தா போப்பா குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகிறது. பியாட் ரிச்னர் என்ற சுவிஸ் மருத்துவர், செல்லோ வாசிப்பவர், போரில் சிதைந்து கிடந்த அந்த மருத்துவமனையை 1992இல் மீண்டும் திறந்தார். கச்சேரி செய்தே நிதி திரட்டினார். 2018இல் இறந்துவிட்டார். சிகிச்சை இன்றும் இலவசம். அங்கோரில் சூரியோதயம் பார்க்கிற ஒவ்வொருவரும் தெரிந்தோ தெரியாமலோ ஒரு பிள்ளையின் டெங்கு சிகிச்சைக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டுத்தான் போகிறார்கள். இந்த வட்டாரத்தில் நான் அறிந்த நுழைவுக் கட்டணங்களில் இவ்வளவு நேராகப் பலன் தெரிகிற ஏற்பாடு வேறில்லை.

மீதிப் பணத்தின் கதை அவ்வளவு நேரானது இல்லை. டிக்கெட் விற்கும் உரிமை 1999 முதல் தனியார் கையில் இருந்தது. 2016இல்தான் அரசு நிறுவனம் எடுத்துக்கொண்டது. அதன்பின் 2019இல் மட்டும் 22 லட்சம் வெளிநாட்டார் வந்து, 9.9 கோடி டாலர் வசூலானது.

கோயில் வாசலில் மரநிழலில் டுக்டுக் வண்டிகள் வரிசையாக நிற்கும். அங்கே அது மோட்டார்சைக்கிளின் பின்னால் கோத்த இரட்டைச்சக்கர வண்டி. உள்ளே குறுக்காகக் கயிற்றுத் தொட்டில் கட்டி ஓட்டுநர் படுத்திருப்பார். நாம் சுற்றிப் பார்த்துத் திரும்பும்வரை அதுதான் அவருக்கு வீடு. அப்படி ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தபோது அவர் புதிய விமான நிலையத்தைப் பற்றித்தான் முதலில் சொன்னார். பழைய நிலையம் ஊரை ஒட்டியே இருந்தது. ஹோட்டல்காரர்கள் இவரை அனுப்பி விருந்தாளியைக் கூட்டிவரச் சொல்வார்கள். அந்த முதல் சவாரியில் பழகிவிட்டால், தங்கும் நாள் முழுக்க இவர்தான் வண்டி. 2023 அக்டோபரில் திறந்த புதிய நிலையம் ஊரிலிருந்து 40 கிலோமீட்டருக்கும் அப்பால். டுக்டுக்குக்குத் தாங்காத தூரம். பெரும்பாலும் காரும் பஸ்ஸும்தான் போகின்றன. விருந்தாளியைப் பழக்கப்படுத்திக்கொள்கிற அந்த முதல் அரைமணி நேரம் கைவிட்டுப் போய்விட்டது என்பது அவருடைய கவலை.

இடம் மாற்றியதில் நியாயம் இல்லாமல் இல்லை. விமானச் சத்தமும் அதிர்வும் கோயிலுக்கு ஆகாது, பழைய ஓடுதளமும் குட்டை. சீன நிறுவனம் ஒன்று சுமார் 110 கோடி டாலரில் கட்டி, 55 வருடம் நடத்திக்கொள்ளும் ஒப்பந்தம். ஆண்டுக்கு 70 லட்சம் பயணிகளைத் தாங்கும். ஆனால் 2024இல் அங்கோருக்கு டிக்கெட் வாங்கிய வெளிநாட்டார் சுமார் 10 லட்சம்தான். அடுத்த வருடம் தாய்லாந்து எல்லையில் சண்டை மூண்டு தரைவழிக் கதவுகளும் மூடின. நிலையம் காத்திருக்கலாம், ஒப்பந்தத்தில் 55 வருடம் இருக்கிறது. டுக்டுக் கடன் தவணை மாதாமாதம் வரும்.

*

அதே ஊரிலிருந்து பான்தியே ஸ்ரேய் கோயிலுக்குப் போகும் சாலையில் ப்ரே டாக் என்று ஒரு கிராமம். இருபுறமும் வீட்டு வாசலில் மண் அடுப்பு, அதன்மேல் அகன்ற இரும்புச் சட்டி, சட்டியில் பதநீர் கொதிக்கிறது. பனைமரத்தில் மூங்கிலை ஏணியாகக் கட்டி ஏறி, மூங்கில் குழாயில் பதநீர் இறக்குகிறார்கள். காய்ச்சிப் பாகு இறுகியதும் மரத் துடுப்பால் கடைந்து, பனையோலையைச் சுருட்டிச் செய்த சிறு வளையங்களுக்குள் ஊற்றி ஆறவிடுகிறார்கள். காசு அளவு வட்டங்கள். அவற்றை அடுக்கி, பனையோலையாலேயே நீளக் குழல் செய்து அதில் போட்டுக் கட்டித் தருவார்கள். பிளாஸ்டிக் எங்கும் இல்லை.

உடன்குடியிலும் யாழ்ப்பாணத்திலும் பனை தெரிந்தவர்களுக்கு அங்கே நிற்க நிற்கக் கிளம்ப மனசு வராது. வாயில் போட்டால் நம் கருப்பட்டியைவிடக் கொஞ்சம் மென்மை, கரி மணம் குறைவு. சட்டியருகே நின்ற அம்மா ஒரு வில்லையைச் சும்மா ருசி பார்க்கக் கொடுத்துவிட்டுத்தான் விலை சொன்னார்.

அந்த அடுப்படியில் கொடுக்கும் ஒரு டாலரைத் தொடர்ந்து போய்ப் பாருங்கள். மரம் ஊருடையது. ஏறியவர் வீட்டுக்காரர், காய்ச்சியவர் அந்த அம்மா, ஓலை பின்னியது பெண்ணோ மாமியாரோ. விறகு பக்கத்துக் காட்டில். அந்த டாலரில் ஊரைவிட்டு வெளியேற ஏறக்குறைய ஒன்றும் இல்லை. அதே டாலர் நகரத்து ஹோட்டல் பஃபேயில் செலவானால், காய்கறியின் பங்கும் பழத்தின் பங்கும் வெளிநாட்டுக்குப் போகின்றன, ஹோட்டல் லாபம் சங்கிலி நிறுவனத்தின் தலைமையகத்துக்குப் போகிறது, முன்பதிவுச் செயலி தன் கமிஷனை வந்தவர் விமானம் ஏறுமுன்னே எடுத்துக்கொண்டுவிடுகிறது. ஊருக்கு மிஞ்சுவது அறை துடைத்தவரின் சம்பளம். அதுவும் வேண்டியதுதான். ஆனால் அது மட்டும் போதாது.

கம்போங் ஸ்பூ மாகாணத்துப் பனஞ்சர்க்கரைக்கு 2010இலேயே கம்போடியா புவிசார் குறியீடு வாங்கிக்கொடுத்தது. சிறு நாடு, செய்யத் தெரிந்திருக்கிறது.

*

அங்கோரில் அடிக்கடி காதில் விழும் தமிழ்ப் பேச்சு: 'இதெல்லாம் நம்ம சோழர்கள் கட்டினது.' குழுவாக வரும் நம்மவர்கள் கைடிடமே இதைச் சொல்கிறார்கள். அங்கோர் வாட்டைக் கட்டுவித்தவர் இரண்டாம் சூரியவர்மன், 12ஆம் நூற்றாண்டின் கெமர் அரசர். கல் சுமந்ததும் செதுக்கியதும் கெமர் மக்கள். அவர்களின் கொடியில் இன்றும் அந்தக் கோயில்தான் இருக்கிறது. இந்தியாவுக்கு அங்கே உண்மையான ஒரு பங்கு உண்டு. உலகம் திரும்பிப் பார்க்காத காலத்தில், 1986 முதல் 1993 வரை, நம் தொல்லியல் துறை அங்கே போய் வேலை செய்தது. பெருமைப்பட அது போதும். விருந்துக்குப் போன வீட்டில் நின்றுகொண்டு வீடே எங்கள் தாத்தாவுடையது என்று சொல்லக்கூடாது.

*

கசப்பான ஒன்றையும் எழுதியாக வேண்டும். அங்கோர் பூங்கா 400 சதுர கிலோமீட்டர், அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்கள். கோயிலைச் சுற்றிக் குடியேறியவர்கள் பெருகிவிட்டார்கள், உலகப் பாரம்பரிய அந்தஸ்துக்கு ஆபத்து என்று சொல்லி, 2022இலிருந்து சுமார் 10,000 குடும்பங்களை ருன் தா எக் என்ற இடத்துக்கு மாற்றினார்கள். 20க்கு 30 மீட்டர் மனை, கொஞ்சம் பணம், கூரைக்குத் தகரம். அவர்களாகவே விரும்பிப் போனார்கள் என்றது அரசு. கட்டாயப்படுத்தித்தான் அனுப்பினார்கள் என்று அம்னெஸ்டி இன்டர்நேஷனல் 2023 நவம்பரில் அறிக்கை வெளியிட்டது. மக்களை வெளியேற்றும்படி தான் ஒருபோதும் கேட்கவில்லை என்றது யுனெஸ்கோ.

போனவர்களில் பலர் கோயில் வாசலில் இளநீரும் நூடுல்ஸும் துணிப்பையும் விற்றவர்கள். புதிய மனையில் தகரக் கூரை உண்டு, வாடிக்கையாளர் இல்லை. பாரம்பரியத்தைக் காப்பது என்றால் கல்லை மட்டும் காப்பது என்று எடுத்துக்கொண்டால் இப்படித்தான் முடியும்.

*

அநாதை விடுதிகள். கம்போடியாவில் உண்மையான அநாதைகள் குறைந்துகொண்டு வந்த வருடங்களில் விடுதிகள் மட்டும் பெருகின. பயணிகள் வந்து பார்த்துக் காசு கொடுத்தார்கள் என்பதுதான் காரணம். விடுதிப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள் என்று அரசும் யுனிசெஃபும் நடத்திய கணக்கெடுப்புகளிலேயே தெரிந்தது. பிள்ளைகள் ஆடிக் காட்டுவார்கள், வந்தவர் கட்டிப்பிடித்துப் படமெடுத்துக்கொள்வார், நன்கொடைப் பெட்டி நிறையும். ஏழைப் பெற்றோரிடம் படிப்பு தருகிறோம் என்று சொல்லி வாங்கிவந்த பிள்ளைகள் அவர்கள். ஆஸ்திரேலியா 2018இல் இதை நவீன அடிமைத்தனத்தில் ஒருவகை என்றே அங்கீகரித்தது. பிறந்தநாளுக்கு இல்லத்தில் சாப்பாடு போடும் பழக்கம் நமக்கு உண்டு, நல்ல மனசோடுதான் போடுகிறோம். அந்த மனசோடு சியெம் ரீப்பில் விடுதி பார்க்கக் கிளம்ப வேண்டாம்.

கொடுத்தே ஆக வேண்டும் என்று தோன்றினால் ஃபாரே சர்க்கஸுக்கு டிக்கெட் வாங்கலாம். தாய்லாந்து எல்லை அகதி முகாமில் ஓவியம் கற்ற ஒன்பது பேர் ஊர் திரும்பி 1994இல் பட்டம்பாங்கில் ஒரு கலைப்பள்ளி தொடங்கினார்கள். 2013 முதல் சியெம் ரீப்பில் இரவுதோறும் அதன் சர்க்கஸ் காட்சி. வருமானம் பள்ளிக்குப் போகிறது. ஆடுகிறவர்கள் அந்தப் பள்ளியில் படித்து வளர்ந்த இளைஞர்கள், சம்பளம் வாங்குகிறவர்கள். பரிதாபத்தைக் காட்டிக் காசு கேட்பது அங்கே இல்லை. மூச்சடக்கிப் பார்க்க வைக்கிற வித்தைதான் இருக்கிறது.

*

வியட்நாம் எனக்கு அதிக நம்பிக்கை தந்தது ஒரு குகை விஷயத்தில்.

ஹோ கான் என்பவர் போங் ஞா காட்டில் அகில் கட்டை தேடித் திரிந்தவர். 1990 வாக்கில் மழைக்கு ஒதுங்கப் போன இடத்தில் பெரிய குகைவாய். உள்ளிருந்து காற்றும் ஆற்றின் இரைச்சலும் வர, பயந்து திரும்பிவிட்டார். வழியும் மறந்துபோனது. பல வருடம் கழித்துத் தேடிக் கண்டுபிடித்து, 2009இல் பிரிட்டிஷ் குகை ஆய்வாளர்களை அழைத்துப்போனார். சோன் தூங், உலகிலேயே மிகப் பெரிய குகை என்று அளந்து சொன்னார்கள். சில இடங்களில் உயரம் 200 மீட்டர்.

இப்படி ஒன்று கிடைத்தால் என்ன செய்வார்கள்? கேபிள் கார் போடுவார்கள். 2014இல் அந்தத் திட்டமும் வந்தது. சுமார் 10 கிலோமீட்டர் கம்பி, மணிக்கு ஆயிரம் பேர் என்று பேச்சு. வியட்நாமிய இளைஞர்கள் இணையத்தில் திரண்டு எதிர்த்தார்கள். எதிர்ப்பு எளிதாக நடக்கிற நாடு அல்ல அது. திட்டம் நின்றது.

இன்று வருடத்துக்குச் சுமார் 1000 பேருக்கு மட்டும் அனுமதி. ஒரு குழுவில் 10 பேர். தலைக்கு 3000 டாலர். குழுவில் விருந்தாளிகளைவிட ஊழியர்கள்தான் அதிகம்: சுமைதூக்குவோர், சமையல்காரர், கயிறு பிடிப்போர், வனக்காவலர். சுமைதூக்குவோரில் பலர் முன்பு இதே காட்டில் திருட்டு மரம் வெட்டியவர்கள், வேட்டையாடியவர்கள். வழி அவர்களுக்குத்தான் தெரியும். குகைக்குள் கழிப்பறை என்பது நெல் உமி போட்ட கூடாரம். கழிவையும் முதுகில் சுமந்து வெளியே கொண்டுவந்துவிடுகிறார்கள். உமிக்கு இப்படி ஓர் உபயோகம் இருக்கிறது என்று நம் டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும்.

ஆயிரம் பேர், தலைக்கு 3000 டாலர் என்றால் 30 லட்சம் டாலர். கேபிள் கார் இதைவிட அதிகம் வசூலித்திருக்கும், சந்தேகமில்லை. ஆனால் கேபிள் காருக்குச் சுமைதூக்குவோர் தேவையில்லை. மரவெட்டி மறுபடி காட்டுக்குள்தான் போயிருப்பார்.

இந்தப் பக்கத்திலேயே 'தான் ஹோவா' என்று ஒரு கிராமம். வருடாவருடம் வெள்ளம் வந்து மூழ்குகிற பள்ளத்தாக்கு. 2010 வெள்ளத்தில் மலையேறி உயிர் பிழைத்தார்கள். அதற்குப்பின் காலி எண்ணெய் டிரம்களைக் கோத்து, தண்ணீர் ஏற ஏறத் தானும் மிதந்து எழுகிற வீடுகள் கட்டினார்கள். அதே முறையில் விருந்தினர் வீடுகளும் கட்டி வெள்ளக் காலத்திலும் ஆட்களை ஏற்கிறார்கள். 2023இல் உலகச் சுற்றுலா அமைப்பின் சிறந்த கிராமங்கள் பட்டியலில் இடம்பிடித்தது. தங்கள் கஷ்டத்துக்குக் கண்ட வழியையே காட்சியாகவும் ஆக்கிக்கொண்டவர்கள்.

*

மூடிய இடங்கள் இரண்டு.

பிலிப்பைன்ஸின் பொராகாய் 10 சதுர கிலோமீட்டர் தீவு. ஹோட்டல் கழிவு கடலில் கலந்து நாறியதால் 2018 ஏப்ரல் 26 முதல் ஆறு மாதம் அடைத்துவிட்டார்கள். திறந்தபிறகு ஒரே நேரத்தில் 19,215 பயணிகளுக்கு மேல் கூடாது என்று வரம்பு. கடல் தெளிந்தது, உண்மை. ஆனால் அந்த ஆறு மாதத்தைப் பெரிய ஹோட்டல்கள் தாங்கிக்கொண்டன. கடற்கரையில் பின்னல் போட்டும் பழம் விற்றும் பிழைத்தவர்கள் படகேறி வேறு தீவுக்குப் போனார்கள். கழிவுக்குழாயைக் கடலுக்குத் திருப்பியவர் ஒருவர், பட்டினி கிடந்தவர் வேறொருவர். ஊரை மூட நேர்ந்தால் அந்தக் காலத்துக்கு அன்றாடங்காய்ச்சிகளுக்குப் படியளக்கும் நிதியை ஹோட்டல்களிடம் முன்கூட்டியே வசூலித்து வைத்திருக்க வேண்டும். இது சட்டமாக வேண்டிய விஷயம்.

அந்தத் தீவின் ஆதிக்குடிகள் ஆத்தி மக்கள். மூடல் முடிந்த கையோடு அவர்களுக்கு நிலப் பட்டா கொடுத்தார் அதிபர் துதெர்த்தே. சில வருடத்திலேயே அந்தப் பட்டாக்கள் வழக்கில் சிக்கின. 2024இல் சில குடும்பங்கள் வேலிக்கு வெளியே நின்றன. கடற்கரை மனையின் விலை அப்படி.

தாய்லாந்தின் மாயா பே இன்னொரு கதை. லியோனார்டோ டிகாப்ரியோ நடித்து 2000இல் வந்த படம் அதைப் பிரபலமாக்கியது. பிறகு அந்தச் சிறிய மணல்திட்டில் நாளுக்கு 5000 பேர்வரை வந்து இறங்கினார்கள். நங்கூரம் பட்டே பவளப்பாறை நொறுங்கியது. 2018 ஜூனில் மூடி, 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். இடையில் பவளக் கன்றுகளை நட்டார்கள், கருந்துடுப்புச் சுறாக்கள் தாமாகவே திரும்பி வந்தன. இப்போது படகு குடாவுக்குள் வரக்கூடாது, தீவின் பின்பக்கம் நிறுத்தி நடந்து வர வேண்டும். நீந்தவும் தடை, முழங்கால்வரை நனைத்துக்கொள்ளலாம். பொராகாயைவிட இங்கே மூடுவது எளிதாக இருந்ததற்குக் காரணம் உண்டு: அது தேசியப் பூங்கா, குடியிருப்பு இல்லை.

*

பூடான் 1974இல் கதவைத் திறந்தது. அந்த வருடம் வந்தவர்கள் 287 பேர். 2019இல் 3.15 லட்சம், பெரும்பாலோர் இந்தியர்கள். கொரோனா முடிந்து 2022 செப்டம்பரில் திறந்தபோது ஓர் இரவுக்கு 200 டாலர் கட்டணம் வைத்தார்கள். அறை வாடகை, சாப்பாடு தனி. ஆள் வரவில்லை. ஹோட்டல்காரர்களும் வழிகாட்டிகளும் தவித்துப்போக, ஒரு வருடத்தில் 100 டாலராகக் குறைத்தார்கள். இந்தியருக்கு 1200 ரூபாய். இந்தப் பணம் இலவச மருத்துவத்துக்கும் படிப்புக்கும் போகிறது. கொள்கையைப் பாதி விலைக்கு இறக்கினாலும் கைவிடவில்லை என்பதே பெரிய விஷயம். நம்மவர்கள் 1200 ரூபாயைக் குறைசொல்லிப் பேசக் கேட்டிருக்கிறேன். ஊட்டிக்குச் சீசனில் வண்டி எடுத்துப் போய் மூன்று மணி நேரம் மலைப்பாதையில் நின்றவர்கள் அப்படிப் பேசக்கூடாது.

மாலத்தீவு நேர் எதிர்த் திசையிலிருந்து வந்தது. 1972இல் தொடங்கி நெடுங்காலம், விருந்தாளிக்கு ஒரு தீவு, ஊர்மக்களுக்கு வேறு தீவு. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே கோடிக்கணக்கில் வியாபாரம் நடந்தது. 2009க்குப் பின்தான் மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லங்களுக்கு அனுமதி. மாஃபூஷி என்ற தீவில் மீனவர் வீடுகள் அறைகளாக மாறின. நடுத்தரக் குடும்பம் ஒன்று மாலத்தீவு பார்க்க முடிகிறதென்றால் அதனால்தான். ஆனால் மாஃபூஷியே இப்போது மாடிக்கு மேல் மாடியாக எழுந்துவிட்டது. ஒரு வீட்டுக்காரர் நாலு அறை விடுவதுவரை எல்லாம் நன்றாக இருக்கிறது. அவரிடம் குத்தகைக்கு எடுத்து ஆறுமாடி கட்ட வெளியாள் வரும்போதுதான் பழைய கதை திரும்புகிறது.

இதற்கு நேபாளத்தில் ஒரு தடுப்பு வைத்தார்கள். சிருபாரி என்ற குருங் கிராமம், ஓய்வுபெற்ற ராணுவத்தினர் ஊர், 1997இல் வீட்டு விருந்தோம்பலைத் தொடங்கியது. விருந்தாளி தன் விருப்பத்துக்கு வீடு பிடிக்க முடியாது. ஊர்வாயிலில் மேளத்தோடு மாலை போட்டு வரவேற்று, முறை வைத்து எந்த வீடு என்று ஊர்க்குழு சொல்லும். நல்ல வீடு, வசதி குறைந்த வீடு எல்லாவற்றுக்கும் முறை வரும். கேரளத்தின் குமரகத்திலும் 2008 வாக்கில் இதே புத்தி வேலை செய்தது. ஹோட்டல்கள் காய்கறியை, முட்டையை, தேங்காயைக் குடும்பஸ்ரீ சுயஉதவிக் குழுப் பெண்களிடம் வாங்க ஒத்துக்கொண்டன. தரிசாகக் கிடந்த வயல்களில் மறுபடி பயிர் ஏறியது. பெரிய முதலீடு எதுவும் இல்லை. யார் யாரிடம் வாங்குவது என்பதை மாற்றினார்கள், அவ்வளவே.

*

நெடுந்தீவு, வட இலங்கை. குறிகட்டுவானில் படகேறினால் ஒரு மணி நேரம். பவளக்கல் வேலிகள், டச்சுக் கோட்டைச் சுவர், திறந்தவெளியில் மேயும் குதிரைகள். காலைப் படகில் கூட்டம் நிறைந்து வழிகிறது. சென்னையிலிருந்து பலாலிக்கு விமானமும் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் வந்தபின் நம் ஊர் முகங்களும் தெரிகின்றன. துறைமுகத்தருகே தேநீர்க் கடைக்காரரிடம் வியாபாரம் எப்படி என்று கேட்டேன்.

'வருகினம், சுத்திப் பாக்கினம், பின்னேரப் படகிலயே போயிடுகினம் அண்ணை. இரவு நிக்கிறவை ஆர் இருக்கினம்?'

சாப்பாட்டையும் பலர் யாழ்ப்பாணத்திலிருந்து பொட்டலமாகக் கட்டி வந்துவிடுகிறார்கள். தீவுக்குக் கிடைப்பது ஆட்டோ வாடகையும் பொட்டலத் தாளும். அங்கே பெரிய ஹோட்டல் கட்ட வேண்டும் என்று யாராவது கிளம்புவதற்குமுன், குடிதண்ணீருக்கே தட்டுப்பாடான தீவு அது என்பதை நினைவில் வைக்க வேண்டும். பத்து வீடுகள் இரண்டிரண்டு அறை ஒதுக்கி, இரவுக்கு ஒடியல் கூழும் மீனும் கொடுத்து, மறுநாள் படகில் அனுப்பினால் போதும். அதற்கான கடனும் பயிற்சியும் அரசு கொடுக்கட்டும். வீடுகளை முறைவைக்க சிருபாரி மாதிரி ஒரு குழு ஊரிலேயே அமையட்டும்.

வடக்கில் இன்னொன்றும் தீர வேண்டும். வலிகாமம் வடக்கில் மக்களிடமிருந்து இராணுவம் எடுத்த காணிகள் முழுவதும் இன்னும் திரும்பவில்லை. காங்கேசன்துறைக் கடற்கரையில் இராணுவமே ஹோட்டல் நடத்துகிறது. சொந்தக் காணிக்குப் போக முடியாதவர் தன் ஊருக்கு விருந்தாளி வருவதை எப்படி வரவேற்பார்? முதலில் காணியைக் கொடுங்கள், விடுதியைப் பிறகு பேசலாம்.

*

இப்போது திருச்சியிலிருந்தே கோலாலம்பூருக்கு நேர் விமானம் பறக்கிறது. தாய்லாந்தும் மலேசியாவும் 2023 கடைசியில் நமக்கு விசா கட்டுப்பாட்டைத் தளர்த்தின. இந்த வட்டாரத்தின் அடுத்த பெருங்கூட்டம் நாம்தான், நம் வரவுக்காகவே திட்டங்கள் போடுகிறார்கள். எனவே நம் கையிலும் கொஞ்சம் இருக்கிறது.

ஐந்து நாளில் நாலு ஊர் என்ற திட்டத்தை விட்டு, ஓர் ஊரில் மூன்று இரவு தங்குங்கள். விமானத்தையும் ஹோட்டலையும் எங்கே வேண்டுமானாலும் பதிவுசெய்யுங்கள். வழிகாட்டியையும் வண்டியையும் அந்த ஊரில் இறங்கி, அந்த ஊர்க்காரரிடமே பேசுங்கள். நம்ப முடியாத மலிவு விலையில் பேக்கேஜ் வந்தால் சந்தேகப்படுங்கள். பயணியைக் கடைகடையாக இழுத்துப்போய்க் கமிஷனில் ஈடுகட்டுகிற அந்தத் தொழிலைத் தாய்லாந்து 2016இல் ரெய்டு நடத்தி அடக்க வேண்டியிருந்தது. நுழைவுக் கட்டணத்துக்குப் பேரம் பேசாதீர்கள். பழம் விற்கிறவரிடமும் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்.

போகும் மாதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மாயா பே ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் 1 முதல் செப்டம்பர் 30 வரை மூடியிருக்கும்.